ஒலி ஒன்று, பொருள் வேறு

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

புலமை மிக்கோர் நின்று பேசிய மேடை இது. யாமோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எழுத்தர். "இலக்கியம் பேச எமக்குத் தகுதியில்லை" என்று செயலாளரிடம் சொன்னோம். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்றார் அவர். எமக்கு நன்கு தெரிந்தவை யாம் செய்த பிழைகளே. ஆகவே அவற்றைப் பற்றியே பேசத் துணிந்தோம். ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கும் ஆங்கிலச் சொற்களை இனம் பிரித்தறிவது எப்படி என்பதே இன்றைய பொருள்.

தமிழ்ச் சங்கத்து மேடையில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நம் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டிலே தமிழ், கடைவீதியிலே மலையாளம், மனு எழுதும் மேசையிலே ஆங்கிலம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலப்படத்தில் கிழிக்கப்பட்டது, நாவில் கிழிக்கப்படவில்லை. பிழைப்பு நாடி இப்பக்கம் வந்து தங்கிவிட்ட நம்மனோர்க்கு மூன்று மொழியும் நாள்தோறும் வேண்டியிருக்கின்றன. இம்மூன்றில் நாம் மிகுதியும் அஞ்சுவது ஆங்கிலத்துக்கே. அவ்வச்சத்தைச் சிறிது போக்க முடியுமாயின் அதுவும் தமிழர்க்குச் செய்யும் தொண்டே அன்றோ?

ஊர்ப்பெயரே ஒரு பாடம்

ஒலி மயக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நோயன்று. நாம் அமர்ந்திருக்கும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'பெருங்கடவிளை' என்பதன் ஈற்றில் நிற்பது 'விளை'. மரமும் பயிருமாய் விளைவு தரும் நிலத்தை 'விளை' என்பது இந்நாட்டு வழக்கு. குமரி மாவட்டத்திலும் இப்பக்கத்திலும் 'விளை' என முடியும் ஊர்களும் மனைகளும் மிகப்பல. அதிலுள்ள ளகரத்தை லகரமாக்கினால் 'விலை' ஆகும். பொருளுக்குக் கொடுக்கும் பணம். ழகரமாக்கினால் 'விழை' ஆகும். விரும்பு என்பது பொருள். ஒரு விளையை விலைக்கு வாங்க விழைகின்றவன் மூன்று எழுத்தையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியவனாகின்றான். நம்மில் எத்தனை பேருடைய நாக்கு இம்மூன்றையும் வேறு பிரித்து ஒலிக்கின்றது? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். ஆயினும் பத்திரம் எழுதும்போது 'விளை' என்னும் இடத்தில் 'விலை' என்று எழுதினால் யாரேனும் பொறுப்பரோ?

ஆங்கிலத்தில் இவ்வூரின் பெயரை எழுதும்போதோ லகரத்துக்கும் ளகரத்துக்கும் 'எல்' என்னும் ஒரே எழுத்தையே இடுகின்றோம். அவ்வெழுத்தைக் கண்டு இது விளையா, விலையா என்று வெளியூரார் அறியார். ஆகவே, எம்மொழியும் ஏதேனும் ஓரிடத்தில் கண்பார்வை குன்றியதே என்று தெளிக.

மலையாளத்தோடு பழகும்போதும் இம்மயக்கம் வருகின்றது. நமக்கு 'வெள்ளம்' என்றால் பெருக்கெடுத்து வரும் நீர். அவர்கட்கோ குடத்தில் உள்ள குடிநீரும் வெள்ளமே. ஊரை அழிக்கும் பெருக்கினை அவர்கள் 'வெள்ளப்பொக்கம்' என்பர். நாம் வெள்ளம் வந்ததென்று அழுவோம். அவர்கள் வெள்ளம் வரவில்லையென்று குழாயடியில் முணுமுணுப்பர். நமக்கு 'அவசரம்' என்றால் விரைவு, அவர்கட்கு வாய்ப்பு. 'சம்சாரம்' என்பதோ இன்னும் இடர்ப்பாடானது. நம் வழக்கில் அது மனைவி. அவர்கள் வழக்கில் பேச்சு. மேடையில் பேசி இறங்கியவரிடம் மலையாள நண்பர் ஒருவர் வந்து "உங்கள் சம்சாரம் மிக நன்று" என்று பாராட்டினால், புதிதாக வந்த தமிழர் திகைத்து நிற்பார்! அவர் கோபங்கொள்ளுமுன் நண்பர் கருதிய பொருளைக் கருதுவாராயின் பகை இல்லை. ஒலியைக் கேட்டவுடன் முடிவு செய்யாமல் பொருளை உசாவுதல் வேண்டும். ஆங்கிலத்துக்கும் இதுவே திறவுகோல்.

ஓரெழுத்து செய்த வினை

இதனை யாம் கற்ற விதத்தை மறைக்காமல் சொல்லுகின்றோம்.

எம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையில் பனையேறிப் பதநீர் இறக்கியவர். அந்தக் காசில்தான் எம்மைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அவர்க்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் தம் மகன் ஆங்கிலத்தில் மனு எழுதுவான் என்பதில் அவர்க்கு அளவிறந்த பெருமை. சந்தைக்குப் போனாலும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாராம்.

யாம் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊருக்குத் தொலைவான ஓர் அலுவலகத்தில் இருந்தோம். ஒருநாள் முற்பகலில் தொலைபேசி வந்தது. "அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது; உடனே புறப்படு" என்றார் மாமா. கை நடுங்க ஒரு தாளை எடுத்து, 'எம் தந்தையார் இறக்கும் தறுவாயில் உள்ளார். விடுப்பு அருள வேண்டுகின்றேன்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதினோம். 'டையிங்' என்னும் சொல் அதில் வந்தது. அதற்கு டி, ஒய், ஐ, என், ஜி என்னும் ஐந்து எழுத்துகளே உரியவை. யாம் ஒய் என்பதற்குப் பின் 'ஈ' ஒன்றையும் சேர்த்து ஆறெழுத்தாக எழுதிவிட்டோம். ஒலி ஒன்றே. பொருளோ, 'எம் தந்தையார் துணிக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருக்கிறார்; ஆகையால் விடுப்பு வேண்டும்' என்றாகிவிட்டது.

மேலதிகாரி படித்தார். "என்ன நிறம்?" என்று கேட்டார். அறையில் இருந்த நால்வரும் நகைத்தனர். எமக்கு அந்நகைப்பின் காரணம் விளங்கவில்லை. தாளில் கையொப்பம் விழுந்ததே போதும் என்று ஓடினோம். யாம் ஊர் சேர்ந்தபோது தந்தையாரின் உயிர் பிரிந்து இரண்டு நாழிகை கடந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினோம். எம் மனு கோப்பில் இருந்தது. அந்த 'ஈ' எழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம். அப்போதுதான் நகைத்த காரணம் விளங்கிற்று. சில மாதங்கள் வரை எமக்குச் 'சாயம்' என்பதே பட்டப்பெயராய் வழங்கியது. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் சந்தையிலே பெருமை பேசிய அம்முதியவரின் முகமே எம் கண்முன் வந்து நின்றது.

அவ்வலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மலையாளி எழுத்தர் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் எம்மைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். "மோனே, சிரித்தவர்களில் பாதிப்பேர்க்கு இரண்டு சொல்லின் வேறுபாடும் தெரியாது, ஒருவர் சிரித்ததைக் கண்டு மற்றவர் சிரித்தார்கள். நீ தெரிந்துகொள். உனக்குப் பின் வருகிறவனுக்குச் சொல்லிக் கொடு. ஆனால் சிரிக்காதே" என்றார். சட்டைப்பையிலிருந்து சிறிய குறிப்பேடு ஒன்றை எடுத்து, முதற்பக்கத்தில் அவ்விரு சொற்களையும் எழுதி எம்மிடம் தந்தார். இன்று அக்குறிப்பேட்டின் வழிவந்த மூன்றாம் ஏடு எம் மேசையில் இருக்கின்றது. யாம் இங்கே சொல்வன யாவும் அவ்வேடுகளில் உள்ளவை.

அவர் சொல்லித் தந்த விதியும் எளிதே. இறத்தலைக் குறிக்கும் 'டை' என்பதன் எழுத்துகள் டி, ஐ, ஈ. இவ்வாறு ஐ, ஈ என முடியும் குறுஞ்சொற்கள் 'இங்' என்னும் ஈறு வரும்போது அவ்விரண்டையும் விட்டு ஒய் என்னும் எழுத்தைப் பெறும். பொய் சொல்லுதலைக் குறிக்கும் 'லை', கட்டுதலைக் குறிக்கும் 'டை' ஆகியவையும் அவ்வாறே. சாயத்தைக் குறிக்கும் 'டை' என்பதோ டி, ஒய், ஈ. அது தன் 'ஈ' எழுத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாகிவிடாமல் காப்பதும் அவ்வெழுத்தே.

நம் அண்டையில் பாலராமபுரம் இருக்கின்றது. பாலராமவர்ம மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியமர்ந்த சாலியர் தொடங்கிய நெசவு அங்கே இன்றும் நடக்கின்றது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. நூலுக்குச் சாயம் ஏற்றும் ஒருவர் தம் தொழிலைப் பற்றி எழுதும்போது அந்த 'ஈ' எழுத்து இருந்தே ஆக வேண்டும். ஆகவே யாம் எழுதிய சொல்லில் குற்றமில்லை; அது நின்ற இடத்திலேதான் குற்றம். நல்ல பயணி தவறான பெட்டியில் ஏறியது போன்றது அது.

எழுத்து ஏன் வேறாயிற்று?

ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துமுறை ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆங்கிலேயர் நம்மைத் துன்புறுத்தவென்று இதனைச் செய்யவில்லை. இரவைக் குறிக்கும் 'நைட்', போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் இரண்டும் இன்று ஒலியால் ஒன்றே. பின்னதன் முன்னே 'கே' என்னும் எழுத்து வாளா நிற்கின்றது. ஒரு காலத்தில் அந்தக் 'கே' ஒலிக்கப்பட்டது. புலாலைக் குறிக்கும் 'மீட்', சந்தித்தலைக் குறிக்கும் 'மீட்' என்பனவும் முன்னாளில் வேறு வேறாக ஒலித்தவையே. வில்லியம் காக்ஸ்டன் என்பார் 1476-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை மெல்ல மெல்ல நிலைபெறலாயிற்று. 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதி அதனை மேலும் உறுதி செய்தது. எழுத்து நின்றுவிட்டது, ஒலியோ ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு திசைமாறிப் போன பின்னும் பழைய பாலம் அங்கேயே நிற்பது போல, அவ்வெழுத்துகள் பழைய ஒலியின் அடையாளமாய் நிற்கின்றன.

நம் தமிழிலும் ழகர ளகரங்களைப் பலர் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். நல்லவேளை, எழுத்து அவற்றைக் காத்து நிற்கின்றது. தமிழர் இத்தகைய மயக்கத்தை முன்னரே உணர்ந்தவர்கள். சூடாமணி நிகண்டில் ஒருசொல் பல்பொருளுக்கென்றே பதினோராம் தொகுதி அமைந்துள்ளது. அந்நிகண்டை மனப்பாடம் செய்த மரபில் வந்த நாம் ஆங்கிலச் சொல்லிணைகளைக் கண்டு மிரளலாமா?

இரயிலடியில் வழங்கும் சொற்கள்

இனி எம் அலுவலகத்தில் நாள்தோறும் புழங்கும் சில இணைகளைச் சொல்வோம். இச்சொற்களைத் தமிழ் எழுத்தில் இட்டால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகையால் அவற்றின் ஆங்கில எழுத்துகளைப் பெயர் சொல்லியே பிரித்துக் காட்டுகின்றோம். சிறுவர்கள் கையில் எழுதுகோல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 'ஃபேர்'. எஃப், ஏ, ஆர், ஈ என எழுதினால் பயணக் கட்டணம். எஃப், ஏ, ஐ, ஆர் என எழுதினால் நேர்மையானது. சந்தைக்கும் அதுவே எழுத்து. கட்டணத்தைக் குறிக்கும் சொல், செல்லுதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. விடைகொடுக்கும்போது சொல்லும் 'ஃபேர்வெல்' என்பதிலும் அதுவே இருக்கின்றது. 'நலமே செல்க' என்பது அதன் பொருள். நாம் 'போய் வாருங்கள்' என்பது போன்றதே. செல்வதற்குரிய ஃபேர் ஈ எழுத்தில் முடியும் என்று குறித்துக்கொண்டால் பின்னர் மயங்க இடமில்லை.

இரண்டாவது 'ஸ்டேஷனரி'. இரயில் நின்றுகொண்டிருக்கின்றது என்று அறிக்கை எழுதும்போது ஈற்றில் ஏ, ஆர், ஒய். அலுவலகத்துக்குத் தாளும் மையும் கேட்டு எழுதும்போது ஈ, ஆர், ஒய். பழங்காலத்தில் ஊர் ஊராய்ச் சுமந்து விற்போரிடையே, ஓரிடத்தில் நிலையாகக் கடைவைத்துப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றனர். அவர் கடைச் சரக்கே ஸ்டேஷனரி. 'பேப்பர்' என்னும் சொல்லின் ஈற்றில் உள்ள ஈ, ஆர் என்பவற்றை நினைவில் கொள்க. பேப்பருக்குரிய ஸ்டேஷனரியிலும் அவ்விரண்டு எழுத்துகளே வரும்.

மூன்றாவது 'வே'. பார்சல் அனுப்பும்போது தரும் சீட்டு 'வேபில்'. எடை போட்டுத் தருவதால் அதனை 'எடைச்சீட்டு' என்று கருதி எடைக்குரிய எழுத்துகளை இடுவார் பலர். அது டபிள்யூ, ஏ, ஒய் என்னும் வழி. சரக்கு வழிச்செல்லும்போது உடன்செல்லும் சீட்டு. வண்டியை ஏற்றி எடைபார்க்கும் 'வேபிரிட்ஜ்' என்பதில்தான் எடைக்குரிய வே வரும். டபிள்யூ, ஈ, ஐ, ஜி, எச். ஒரே சரக்குக்கு இரண்டு வேயும் வேண்டும். ஒன்று நிறுக்கும்; மற்றது அனுப்பும்.

நான்காவது 'பெர்த்'. இரயிலில் படுக்கை எனின் இரண்டாம் எழுத்து ஈ. பிறப்பு எனின் இரண்டாம் எழுத்து ஐ. முதியோர்க்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கும்போது அவர் பிறப்பைக் கண்டே படுக்கையைத் தருகின்றோம்! அந்நேரத்தில் இரண்டையும் மாற்றி எழுதினால் நகைப்புக்கு இடமாகும்.

ஐந்தாவது 'பிரேக்'. பி, ஆர், ஏ, கே, ஈ எனின் வண்டியை நிறுத்தும் தடைக்கருவி; வண்டித்தொடரில் உள்ள 'பிரேக்வேன்' என்பதில் வருவது இதுவே. பி, ஆர், ஈ, ஏ, கே எனின் முறிதல். பயணத்தை இடையில் முறித்துத் தங்கிச் செல்லும் 'பிரேக் ஜர்னி' என்பதில் வருவது அது. பிரேக் பழுதாயிற்று என்பதை எழுதுவோர் இரண்டிலும் தடுமாறுவர்.

ஆறாவது 'காம்ப்ளிமென்டரி'. இரயில்வேயில் ஓய்வு பெற்றோர்க்கு வழங்கும் பயணச் சலுகைச் சீட்டுக்கு இப்பெயர் உண்டு. அதில் எல் என்னும் எழுத்துக்குப் பின் ஐ வரும். மரியாதை கருதித் தருவது என்பது பொருள். ஐ இருந்த இடத்தில் ஈ வந்தால், ஒன்றையொன்று நிறைவு செய்வது என்று பொருள் மாறிவிடும். முப்பது ஆண்டு உழைத்தவர்க்குத் தருவது மரியாதை. அதனை எழுத்திலும் காத்தல் நம் கடமை.

ஏழாவது 'பர்சனல்'. பணியாளர் பிரிவைக் குறிக்கும் சொல்லில் என் என்னும் எழுத்து இரட்டித்து, ஈ, எல் என்று முடியும். ஆங்கிலேயர் அதன் கடைசி அசையை அழுத்திச் சொல்வர். தனியொருவர்க்குரியது என்னும் சொல்லில் ஒரே என். ஈற்றில் ஏ, எல். நம் வாயில் இரண்டும் ஒன்றே. பணியாளர் பலர் ஆகையால் என் இரண்டு. தனியாள் ஒருவர் ஆகையால் என் ஒன்று. இது யாம் கட்டிக்கொண்ட நினைவுக்குறி, இலக்கணமன்று.

மாணவர்கட்கு ஒன்று: 'பிரின்சிபல்'. கல்லூரித் தலைவர்க்கும், கடனில் வட்டி நீங்கிய அசலுக்கும் ஈற்றில் பி, ஏ, எல். கொள்கை எனின் பி, எல், ஈ. கூட்டுறவுக் கடனுக்கு மனு எழுதுவோர் அசலைத் திருப்பித் தருவதாகச் சொல்ல வந்து, கொள்கையைத் திருப்பித் தருவதாக எழுதிவிடாமல் காத்துக்கொள்க.

இவற்றுள் வியப்பானது 'லீவ்'. நாம் எடுக்கும் விடுப்பும், ஓரிடத்தை விட்டு நீங்குதலும் எழுத்தாலும் ஒன்று, ஒலியாலும் ஒன்று. வேரால் மட்டும் வேறு. விடுப்பு என்னும் லீவுக்கு 'இசைவு' என்பதே முதற்பொருள். ஆகவே லீவு கேட்பவன் ஓடிப்போக வழி கேட்பவன் அல்லன், இசைவு கேட்பவன். எம் முதல் மனுவை எழுதிய நாளில் இதனை அறிந்திருந்தால் சற்றே தலை நிமிர்ந்து நின்றிருப்போம்.

நம் செவியின் இயல்பு

ஆங்கிலேயர்க்கே ஒலி ஒத்த சொற்கள் இவை. அவர்கட்கு வேறாகவும் நமக்கு ஒன்றாகவும் கேட்கும் சொற்கள் மற்றொரு வகை. மேற்சட்டையாகிய கோட்டும், வெள்ளாடாகிய கோட்டும் நமக்கு ஒன்றே. இரண்டு தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலமும் கேஜ். கிளியை அடைக்கும் கூண்டும் கேஜ். 1979-ஆம் ஆண்டு நம் ஊர்ப்பக்கமாகத் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது அது அகலப்பாதையாகவே அமைந்தது; அகலம் 1676 மில்லிமீட்டர். அதனைக் கூண்டுக்குரிய எழுத்துகளால் எழுதினால் அகலக் கூண்டாகிவிடும்!

இதற்குக் காரணம் நம் மொழியின் ஒழுங்கே. 'கடல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கின்றது. எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அது நிற்கும் இடமே காட்டிவிடுகின்றது. ஆகையால் தனித்தனி எழுத்து நமக்கு வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் அவ்வொழுங்கு இல்லை. அங்கே ஒலி மாறினால் சொல்லே மாறிவிடும். நம் செவி நம் மொழிக்கேற்பப் பழகியது. அதற்காக நாணவும் வேண்டா. அதனையே சாக்காகச் சொல்லிச் சோம்பவும் வேண்டா.

எழுத்துகளின் பெயர்களே கூட மயக்கும். இரயிலில் 'பி ஒன்று' என்பது குளிர்வசதிப் படுக்கைப் பெட்டி. 'டி ஒன்று' என்பது உட்கார்ந்து செல்லும் முன்பதிவுப் பெட்டி. தொலைபேசியில் ஒன்றை மற்றொன்றாய்க் கேட்டுவிட்டு, மூட்டைமுடிச்சோடு மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும் குடும்பங்களை யாம் கண்டிருக்கின்றோம். ஆகவேதான் 'பம்பாய் பி', 'டெல்லி டி' என்று ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்லுகின்றோம். நீங்களும் அவ்வாறே சொல்லுங்கள், கேளுங்கள்.

செய்யத் தக்கவை

இனி எம் பட்டறிவில் பயன் தந்த வழிகளைச் சுருங்கச் சொல்வோம்.

ஒன்று: மனு எழுதுமுன் சொல்ல வந்ததை ஒருமுறை தமிழில் எழுதிக்கொள்க. 'சாகும் தறுவாய்' என்று தமிழில் எழுதியவன் சாயத்தைப் பற்றி ஐயுறுவான். ஐயுற்றவன் அகராதியைத் திறப்பான்.

இரண்டு: சொல்லைத் தனியே கற்காமல் சுற்றத்தோடு கற்க. ஃபேருக்கு ஃபேர்வெல் சுற்றம்; ஸ்டேஷனரிக்கு ஸ்டேஷனர் சுற்றம். ஒருவர் யார் என்று அறிய அவர் வீட்டாரைக் கேட்பது போன்றதே இது.

மூன்று: கைப்பேசியும் கணினியும் எல்லாப் பிழையையும் திருத்திவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. எழுத்துப் பிழையை மட்டும் பார்க்கும் கருவிக்கு யாம் எழுதிய அந்தச் சொல் குற்றமற்றதாகவே தோன்றும். அகராதியில் உள்ள சொல்தானே அது! நாம் வாயால் சொல்ல அதுவே எழுதிக்கொள்ளும் கருவியும் கேட்டதைத்தான் எழுதும். கருதியதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நாமே.

நான்கு: எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்தால் மட்டும் போதாது. இத்தகைய பிழை காதுக்கு அகப்படாது, கண்ணுக்கே அகப்படும். எழுத்தெழுத்தாய்ப் பார்க்க வேண்டும். முடிந்தால் வேறொருவர் கண்ணுக்கும் காட்ட வேண்டும்.

ஐந்து: ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் இணை, கீழே இரண்டுக்கும் நீங்களே அமைத்த வாக்கியம். வாரத்துக்கு ஓரிணை கற்றாலும் ஆண்டுக்கு ஐம்பது இணைகள் ஆகும்.

ஆறாவதே யாம் பேச வந்ததன் உயிர். பிழை செய்தவரைக் கண்டு நகையாதீர்கள். பிழையான மனுவுக்குப் பின்னே ஒரு தந்தையார் மூச்சிழுத்துக் கிடக்கலாம்; ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் காத்திருக்கலாம்; ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதியம் நிற்கலாம். மனுவில் எழுத்தைப் பார்க்கின்றவர் ஆளையும் பார்க்க வேண்டும். சிவப்பு மையால் வட்டமிடுதல் எளிது. பக்கத்தில் அழைத்து இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டுதல் அருமை. அவ்வருமையைச் செய்த அம்மலையாளப் பெரியவர் இன்று இல்லை. ஆயினும் எம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கின்றது.

முடிப்பதற்குமுன் இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம்மவருள் பலர் மின்வாரியத்துக்கும், வங்கிக்கும், பள்ளிக்கும் மனு எழுதத் தெரியாமல் கடைத்திண்ணையில் கூலி கொடுத்து எழுதுவிக்கின்றனர். ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம் நம் சங்கக் கூடத்தில் ஒரு மேசையும், ஓர் ஆங்கில அகராதியும், ஒரு மலையாள அகராதியும், ஒரு தமிழகராதியும் வைப்போம். எழுதத் தெரிந்தவர் இருவர் முறைவைத்து அமர்வோம். மனுக்கொண்டு வருவோர்க்கு எழுதித் தருவதோடு, ஏன் அவ்வாறு எழுதினோம் என்பதையும் சொல்லித் தருவோம். முதல் ஞாயிறு முதலே அமர யாம் அணியமாய் இருக்கின்றோம். இன்னும் ஒருவர் முன்வந்தால் போதும்.

மகன் ஆங்கிலத்தில் மனு எழுதுவான் என்று சந்தையிலே பெருமை பேசிய தந்தையார்க்கு, அம்மேசையைக் காட்டிலும் வேறு நினைவுச்சின்னம் எம்மால் இயலாது.

 தமிழ் வாழ்க! நம்மை வாழவைக்கும் இம்மண்ணும் மலையாளமும் வாழ்க! சங்கம் மேன்மேலும் வளர்க!